முந்நூற்று நாற்பத்தொன்று

நிலக்கரிக் குழியின் வாசலில் ஆளுயரத் தகரப் பலகை.
விபத்தில்லாத நாட்கள் என்று
மேலே கசாக்கில், கீழே ருஷ்யனில்.
நடுவே மூன்று கொக்கிகள்.
காலை ஏழேமுக்காலுக்கு ஏணி போட்டு
எண் அட்டையை மாற்றுவது என் வேலை.
பதிவேடு எழுதுவதும் நான்தான்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

அன்று மைனஸ் முப்பத்தாறு.
தகரம் கையுறையோடு ஒட்டிக்கொண்டது.
முந்நூற்று நாற்பத்தொன்று.
இன்னும் இருபத்துநாலு நாள் போனால்
ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் உபரி.
அது வருமுன்னே குழியில் பாதிப்பேர் செலவழித்துவிட்டார்கள்.
கிரேடர் ஓட்டும் ல்யூபா
கடனில் பல் கட்டிக்கொண்டு
காரணமில்லாமல் சிரித்துத் திரிந்தாள்.

பத்து மணிக்கு ஒரின்பசார் வந்தான்.
வலது கையை இடுப்புத் துணியில் சுற்றியிருந்தான்.
கன்வேயரின் கடைசி உருளை.
பனியும் கரியும் கெட்டித்துப்போய் பெல்ட் வழுக்கும்.
நிறுத்திச் சுரண்டினால்
மேலே லாரிகள் வரிசை கட்டும்,
ரெஸ்னிக் வாக்கி-டாக்கியில்
பெற்றவளை இழுத்துத் திட்டுவார்.
அதனால் ஓட ஓடத்தான் சுரண்டுவார்கள்.
மூடியா?
அதைக் கோடையிலேயே கழற்றிச் சுவரோரம் சாத்தியாயிற்று.
நான்கு போல்ட்.

“எழுதாதே, ஜன்போத்தா.
எண்பத்திரண்டு பேர் முகத்தில் நான் எப்படி முழிப்பது?”

எழுதினேன்:
காயம், வலது பெருவிரல்.
காரணம், கார்க் கதவு.
இடம், வீடு.
அவனிடம் கார் இல்லை.
அதைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

மறுநாள் விடியுமுன் வேன் போய் அவனை அள்ளிவந்தது.
வீட்டில் படுத்தால் இழந்த நாள்,
இங்கே உட்கார்ந்தால் வேலை நாள்.
என் மேசைக்கு எதிரே, ஹீட்டர் பக்கத்தில்,
ஆறிப்போன டீயைப் பார்த்தபடி இருந்தான்.
வாசல் இயந்திரம் மட்டும் உடன்படவில்லை.
வலது பெருவிரலை வை என்றது.
கட்டுப்போட்ட மிச்சத்தை வைத்தான்.
சிவப்பு விளக்கு. ஆள் தெரியவில்லை.
மறுபடியும் வைத்தான். ஆள் தெரியவில்லை.
பின்னால் நின்ற வரிசை
தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது.
நான் போய் இடது பெருவிரலைப் பதிந்துவிட்டேன்.

மூடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
திறந்து என்ன சொல்வது?
ஒன்றுமே நடக்காத இடத்துக்கு
என்னவென்று எழுதி ஃபிட்டரைக் கூப்பிடுவது?

முந்நூற்று ஐம்பத்தெட்டு.
பிற்பகலில் பெல்ட் நின்றது.
எப்போதும் இரைகிற ஒன்று நின்றால்
காது அடைத்தமாதிரி இருக்கும்.
யாரும் வந்து சொல்லவில்லை,
ஆனாலும் ஒரின்பசார் எழுந்து நின்றுவிட்டான்.
எந்த உருளை என்று அவனுக்குத் தெரியும்.

குவானிஷ். இருபத்துமூன்று வயது.
ஸ்டோரில் அவன் அளவு தீர்ந்து
ஒரு அளவு பெரிய கோட்டு கொடுத்திருந்தார்கள்.
சட்டைக் கையை முதலில் பிடித்தது,
பிறகு கையை.
உயிர் இருக்கிறது என்று
இரவு ஒன்பதுக்குப் பாவ்லோதாரிலிருந்து போன் வந்தது.
தோளுக்குக் கீழே எதையும் பற்றி
அந்த போனில் பேச்சில்லை.

அதற்குள் மூடியை மாட்டிவிட்டார்கள்.
இரண்டு ஆள், இருபது நிமிடம்,
மேலே மஞ்சள் பெயின்ட் வேறு.
விசாரணைக்கு வருபவர்கள்
ஈரத்தில் விரல் வைக்கக்கூடாதென்று
காகிதம் எழுதி ஒட்டச் சொன்னார் ரெஸ்னிக்.
ஒட்டினேன்.

பிறகு பதிவேட்டைத் திருப்பி
கார்க் கதவை அடித்தேன்.
மேலே, நெருக்கிக் குறுக்கி,
கடைசி உருளை, மூடி இல்லை என்று எழுதி
என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன்.
ஒரின்பசார் பார்த்துக்கொண்டிருந்தான்.
தடுக்கவில்லை. நன்றி சொல்லவுமில்லை.

மறுநாள் ஏணி.
மூன்று அட்டையையும் கழற்றி
ஒற்றைச் சுழியத்தை மாட்டினேன்.
காற்றில் அது தகரத்தில் டக் டக்கென்று அடித்தது.
அன்றே இதை மாட்டியிருந்தால்
நேற்று பதினேழு.
இன்று பதினெட்டு,
ஏணியடியில் என்னைத் தாண்டிக்கொண்டு
குவானிஷ் ஷிஃப்டுக்குப் போயிருப்பான்.
ல்யூபா மட்டும் பல் தவணையை நினைத்து
என்னோடு ஒரு வாரம் பேசாமலிருந்திருப்பாள்.

வாசல் இயந்திரத்தில்
அவனுடைய வலது பெருவிரல் இன்னும் இருக்கிறது.
அழிக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து தாள் வந்து
நாலு நாளாகிறது.